தேரிக்காட்டுச் சுமைதாங்கி

ராஜா கதை கேட்கலாம் என்று ஆசையாக வந்திருப்பீர்கள். இந்தக் கதையில் ராஜா கிடையாது. ராஜா தலையில் இருந்தது கிரீடம், அதை இறக்கிவைக்க அவருக்கு ஆயிரம் ஆள். இது தலையில் உப்பு மூட்டை இருந்தவன் கதை. இறக்கிவைக்க அவனுக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். அவளும் போனாள். அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன், கேளுங்கள்.

கடல் உப்பு மனிதத் தலையில் ஏறி மலையடிவாரம்வரை நடந்துபோன காலம் அது. நடுவிலே தேரிக்காடு. பார்க்கிற இடமெல்லாம் சிவப்பு மணல். இன்றைக்கு மேடாக இருப்பது நாளைக்குப் பள்ளமாகக் கிடக்கும். வண்டிச் சக்கரம் புதையும், மாட்டுக் குளம்பு புதையும், மனிதன் கால் மட்டும் புதைந்து புதைந்து எழும். அங்கங்கே பனை, அங்கங்கே உடைமுள். நிழல் வேண்டுமென்றால் அவரவர் நிழலைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேரியின் ஓரத்து ஊரில் சொரிமுத்து என்று ஒருவன் இருந்தான். உப்பு சுமக்கிறவன். பெண்டாட்டி பேர் ஆவுடை.

தலைச்சுமைக்காரனுக்கு ஒரு சங்கடம் உண்டு. சுமையோடு எத்தனை தூரமும் நடந்துவிடுவான். ஆனால் ஏற்றிக்கொள்ளவும் முடியாது, இறக்கிவைக்கவும் முடியாது. அதற்கு இன்னொரு கை வேண்டும். தானாகக் குனிந்து இறக்கப்போனால் மூட்டை கிழியும், இல்லாவிட்டால் கழுத்துப் போகும்.

சொரிமுத்துவுக்கு அந்த இன்னொரு கை ஆவுடையின் கை. போகும்போது உப்பு மூட்டையைத் தூக்கிவிடுவாள். உப்புக்கு மாற்றாகக் கம்போ சோளமோ வாங்கிச் சுமந்துகொண்டு அவன் வாசலில் வந்து நிற்பான். அவள் ஓடிவருவாள். மூட்டை இறங்கும். அவன் ஒரு மூச்சு விடுவான், அவள் ஒரு கேலி பேசுவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். எப்போதும் அதே மூச்சு, அதே கேலி, அதே சிரிப்பு. என்ன கேலி என்று பிற்பாடு சொல்கிறேன், இப்போது கேட்காதீர்கள்.

அவளைப் பேர் சொல்லி அவன் கூப்பிட்டதே இல்லை. பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லாத காலம் அது. இவன் பெண்டாட்டி பேரைச் சொல்லவும் கூச்சப்பட்டவன். "ஏளா" என்பான், "இந்தா" என்பான், அவ்வளவுதான். நன்றி என்று வாய்விட்டுச் சொல்லுகிற வழக்கமும் அப்போது கிடையாது. நீங்கள் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாலும் சட்டென்று சொல்லிவிடுகிறீர்கள். அவர்கள் குடிப்பார்கள், செம்பைக் கொடுப்பார்கள், போய்விடுவார்கள்.

ஆவுடை பிள்ளை உண்டானாள். மாதம் நிறைந்துவரும்போது ஒரு நடை போய்வரலாம் என்று கிளம்பினான் சொரிமுத்து. அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் மூட்டையைத் தூக்கிவிட்டான். ஆவுடை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வழியில யாரோடவும் கதைபேசிக்கிட்டு நிக்காம வந்திருங்க" என்றாள்.

அவன் வந்தான். வாசலில் நின்றான். யாரும் ஓடிவரவில்லை.

வாசலில் ஆள் இல்லாமல் இல்லை. ஊரே இருந்தது. எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், தலையில் இருந்த மூட்டை ஒருவர் கண்ணிலும் படவில்லை. தாயும் பிள்ளையும் போய்விட்ட சேதியைச் சொரிமுத்து தலைச்சுமையோடு நின்றுதான் கேட்டான்.

வயிற்றுச் சுமையை இறக்கிவைக்காமல் ஒரு பெண் போனால், அவளுக்காகப் பாதையோரத்தில் சுமைதாங்கி வைப்பது வழக்கம். இரண்டு கல்லை நட்டு, அதன்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்துவார்கள். தோள் உயரம் இருக்கும். சுமையோடு வருகிறவன் அதை ஒட்டி நின்று, தலையைச் சாய்த்து, மூட்டையை அதன்மேல் நகர்த்திவிடலாம். திரும்பத் தலையைக் கொடுத்தால் மூட்டை ஏறிக்கொள்ளும். இன்னொரு கை வேண்டாம். அவள் இறக்காத சுமைக்குப் பதிலாக ஊரார் சுமை இறங்கட்டும் என்பது கணக்கு.

சொரிமுத்துவும் வைத்தான். ஆள் கூட்டி மலையிலிருந்து கல் கொண்டுவந்தான். தேரியின் நட்டநடுவில், மனிதன் கால் ஓய்ந்துபோகிற இடமாகப் பார்த்து நட்டான். குறுக்குக் கல்லில் ஆவுடை என்று பேர் வெட்டச் சொன்னான். உயிரோடு இருந்தபோது தான் கூப்பிடாத பேரைப் போகிறவன் வருகிறவனெல்லாம் கூப்பிட வேண்டும், அதுதான் அவன் ஆசை. ஒரு வாயாவது அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தால் அவள் முழுசாகப் போய்விடவில்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

உப்பு சுமப்பதை விட்டான். ஊரை விட்டான். கல்லுக்குப் பக்கத்திலேயே பனையோலைக் குடிசை போட்டுக்கொண்டான். பள்ளத்தில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தான். பனையோலை முடைந்து பெட்டி செய்தான். பேச ஆள் இல்லை. தவசி என்று ஒரு பனையேறி மட்டும் விடியற்காலையில் பனையிலிருந்து இறங்கி, குடிசை வாசலில் ஒரு கலயம் பதநீர் வைத்துவிட்டுப் போவான். சொரிமுத்து எழுந்து குடிப்பான். காலிக் கலயத்தை வாசலில் வைப்பான். வைப்பது தவசி என்று தெரியும், எதற்காக வைக்கிறான் என்று ஒருநாளும் அவன் நினைத்துப் பார்த்ததில்லை. அவன் காது முழுக்கக் கல்பக்கமே இருந்தது.

கல்லில் பேர் இருந்தது. ஆனால் பாருங்கள், படிக்கத் தெரிந்தவன் தலையில் சுமை இல்லை, சுமை தூக்குகிறவனுக்குப் படிப்பு இல்லை. பேர் அது பாட்டுக்கு வெயில் காய்ந்தது.

வருஷங்கள் போயின. ஒருநாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. வருகிறவர்களைக் கேட்டே பார்த்துவிடுவது என்று குடிசை வாசலில் உட்கார்ந்தான்.

முதலில் ஓர் உப்புக்காரன் வந்தான். மூட்டையைக் கல்மேல் நகர்த்தினான். "அம்மாடி" என்று மூச்சுவிட்டு உட்கார்ந்தான்.

"வேய், இது யாரு வச்ச கல்லுன்னு தெரியுமா?" என்று கேட்டான் சொரிமுத்து.

"கல்லு கல்லுதாம்யா. முளைச்சிருக்கும்" என்றான் உப்புக்காரன். வியர்வையைத் துடைத்தான், சுமையை ஏற்றினான், போனான்.

அடுத்து ஒரு கருவாட்டுக்காரி வந்தாள். கூடையைக் கல்மேல் நகர்த்தினாள். "அம்மாடி" என்று மூச்சுவிட்டு உட்கார்ந்தாள்.

"தாயி, இது யாரு வச்ச கல்லுன்னு தெரியுமா?"

"எந்த ராசா வச்சானோ. அவன் வயிறு குளிரட்டும்" என்றாள்.

"ராசா இல்ல. நாந்தான் வச்சேன். ஆவுடைன்னு என் பெண்டாட்டி பேர்ல."

"அப்படியா? இருந்துட்டுப் போட்டும். கருவாடு வேணுமா அண்ணாச்சி? நெத்திலி நல்லா காய்ஞ்சிருக்கு."

மூன்றாவதாக ஒரு வளையல்காரன் வந்தான். வளையல் மூட்டையான மலாரத்தை நோகாமல் கல்மேல் நகர்த்தினான். "அம்மாடி" என்று மூச்சுவிட்டு உட்கார்ந்தான்.

சொரிமுத்து இந்தத் தடவை கேள்வியே கேட்கவில்லை. கிட்டப் போய் நின்றுகொண்டான். "ஆவுடை புண்ணியம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுந்திரும்" என்றான்.

வளையல்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இதென்ன வேய், கல்லுக்குத் தீர்வையா? ஆவுடையோ பாவாடையோ, பாரம் இறங்கினா சரி" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே சுமையை ஏற்றிக்கொண்டு போனான். வளையல் சத்தம் வெகுதூரம்வரை கேட்டது.

சொரிமுத்து நின்ற இடத்திலேயே நின்றான். அவன் கொடுத்தது நிஜம். ஆனால் கொடுத்த கையை அவன் முழுசாக எடுக்கவில்லை. கொடுத்ததன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தான். தூண்டில்காரனும் மீனுக்குப் புழு கொடுக்கத்தானே செய்கிறான்?

அரிவாளை எடுத்தான். உடைமரத்துக் கிளைகளை வெட்டினான். கல்லின் மேலும் கீழும், சுற்றியும் முள்ளை அடைத்தான். வெள்ளை வெள்ளையாக ஊசிபோல் முள். "அவளை மதிக்காதவன் சுமை அவன் தலையிலேயே இருக்கட்டும்" என்று குடிசைக்குள் போய்ப் படுத்துவிட்டான்.

அதற்கப்புறம் சுமையோடு வந்தவர்கள் கல்லைப் பார்த்தார்கள், முள்ளைப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நடந்தார்கள். சிலர் திட்டினார்கள். தேரியில் பேச்சுச் சத்தம் நின்றது. முன்பு அவன் தனியாக இருந்தான், ஆனால் சுற்றிலும் மூச்சுச் சத்தமாவது இருந்தது. இப்போது காற்றும் மணலும்தான்.

ஒருநாள் உச்சிவெயில். குடிசைக்கு வெளியே ஒரு பெண்குரல்.

"கல்லுக்கு என்ன ஆச்சு? யாராவது இருக்கியளா? ஒரு கை பிடிங்க."

சொரிமுத்து அசையவில்லை. கல் இருந்தபோது கல்லைப் பற்றிக் கேட்காத ஜனம், இப்போது என்னை என்ன கேட்பது என்று கிடந்தான்.

"யாராவது ஒரு கை பிடிங்களேன்."

எழுந்து உட்கார்ந்தான். போகவில்லை.

மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை. மணலில் கால் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. கல்லைச் சுற்றி, முள்ளைச் சுற்றி, இடம் தேடி, ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அப்புறம் அந்தச் சத்தமும் நின்றது.

தலைச்சுமையோடு நிற்கிறவள் நின்றுவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கா தெரியாது? அவன் வாசலில் நின்ற நிலை அது. எழுந்து ஓடினான்.

நிறைமாதக்காரி. தலையில் தானிய மூட்டை. முகம் வெளுத்து, கண் சொருகி, ஒரு கையால் மூட்டையையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். சொரிமுத்து பாய்ந்து மூட்டையைப் பிடித்தான், இறக்கினான்.

"அம்மாடி" என்றாள். அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

குடிசை நிழலுக்கு அழைத்துப்போனான், ஊற்றுத் தண்ணீர் கொடுத்தான். அவள் குடித்து, மிச்சத்தை முகத்தில் தெளித்துக்கொண்டு, மெதுவாகப் பேசினாள். புருஷன் தோணியில் கடல்தாண்டிப் போயிருக்கிறான். கதிரறுக்கப் போன இடத்தில் கூலிக்குக் கம்பு அளந்தார்கள். வீட்டில் தானியக் குலுக்கை காலி. விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

"இந்தக் கல்லை நினைச்சுக்கிட்டேதான் நடந்தேன், அண்ணாச்சி. அந்தப் பனையைத் தாண்டினா கல்லு, அந்த மேட்டைத் தாண்டினா கல்லுன்னு காலுக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டே வந்தேன். எந்தப் படுபாவி முள்ளு வச்சான்?"

"ஒரு கிறுக்கன்" என்றான் சொரிமுத்து.

"அவன் தலையில சுமை ஏற."

"ஏறட்டும்" என்றான் அவன்.

எழுந்து போய் முள்ளை வெறுங்கையால் இழுத்துப் போட்டான். கையெல்லாம் ரத்தம். மூட்டையை மூச்சுப் பிடித்துத் தூக்கிக் கல்மேல் வைத்தான். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, தான் நட்ட கல்லை ஒட்டி நின்று முதல் தடவையாகத் தலையைக் கொடுத்தான். மூட்டை ஏறிக்கொண்டது.

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?"

"நீ முன்னால நட தாயி. நான் பின்னால வாரேன்."

நடந்தார்கள். வருஷக்கணக்கில் சுமை மறந்த கழுத்து. கால் முழங்கால்வரை புதைந்தது. தேரியைத் தாண்டி அவள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் நின்றான்.

வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். சாணி தட்டிக்கொண்டிருந்தவள்போல. கையை அவசரமாகச் சேலையில் துடைத்தாள், மூட்டையைப் பிடித்தாள், இறக்கினாள்.

"அம்மாடி" என்றான் சொரிமுத்து.

சொன்னவன் திகைத்துப்போய் நின்றான்.

அவன் நெஞ்சு நிறைந்து இருந்தது. சுமையை இறக்கிய அந்தக் கையைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்தக் கை யாருடையது, அவள் பேர் என்ன, அவனுக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். இருந்த நன்றி அத்தனையும் அதற்குள் இருந்தது.

இப்போது அந்தக் கேலியைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு நடையும் முடிந்து, மூட்டை இறங்கியதும் சொரிமுத்து "அம்மாடி" என்பான். ஆவுடை உடனே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்ன, கூப்பிட்டியளா?" என்பாள்.

"நான் எங்க உன்னைக் கூப்பிட்டேன்?"

"இப்பத்தானே அம்மாடின்னிய. பேரைச் சொல்லத்தான் உங்களுக்கு வாய் வராது. அதையாவது சொல்லுதியளே, அது போதும். அதுதான் என் பேருன்னு வச்சுக்கிடுதேன்."

அதுதான் என் பேர் என்று அவளே சொல்லியிருந்தாள். சொல்லிச் சிரித்திருந்தாள். அவன்தான் மறந்துபோனான். உப்புக்காரன் அந்தப் பேரைச் சொன்னான், கருவாட்டுக்காரி சொன்னாள், சிரித்துவிட்டுப் போன வளையல்காரனும் சொல்லிவிட்டுத்தான் சிரித்தான். தேரி முழுக்க அவள் பேர் ஒலித்துக்கொண்டிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் காதில்தான் விழவில்லை. கடைசியில் அவன் கையாலேயே முள் வைத்து அதையும் அடைத்தான்.

"என்ன அண்ணாச்சி, கழுத்துப் பிடிச்சுட்டா?" என்று கேட்டாள் நிறைமாதக்காரி.

"இல்ல தாயி."

"பின்னே ஏன் அழுதிய?"

"உப்பு சுமந்த உடம்பு. கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்றான்.

கஞ்சி கொடுத்தார்கள். குடித்தான். திரும்பி நடந்தான். வெயில் தாழ்வதற்குள் கல்லில் ஒரு முள் மிச்சமில்லாமல் எடுத்தான். கல்லுக்கடியில் ஒரு பானையைப் புதைத்து ஊற்றுத் தண்ணீர் நிரப்பினான். பக்கத்தில் ஓலைப்பெட்டியில் கருப்பட்டித் துண்டு வைத்தான். யாருக்கென்று சொல்லவில்லை.

மறுநாள் விடியும்போது வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். தவசி கலயத்தோடு வந்தான். ஆள் விழித்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"தவசி, இத்தனை வருஷமா வைக்கியே, நான் ஒரு வார்த்தை உன்கிட்ட சொன்னதில்லையே."

"என்னத்தைச் சொல்லணும் அண்ணாச்சி?"

"ஏதாவது."

தவசி காலைச் சொறிந்துகொண்டு யோசித்தான். "மறுநாள் வந்து பாப்பேன். கலயம் காலியா இருக்கும். சரி, அண்ணாச்சி உசுரோட இருக்காருன்னு போயிருவேன். வேற என்ன வேணும்?"

தனியாக இருக்கிறேன் என்று சொரிமுத்து நினைத்திருந்த ஒவ்வொரு நாளும், அவன் இருக்கிறானா என்று பார்க்க ஒருவன் வந்துபோயிருக்கிறான். "உக்காரு தவசி. இன்னைக்குச் சேர்ந்து குடிப்போம்" என்றான்.

அதற்கப்புறம் சொரிமுத்து யாரையும் எதுவும் கேட்கவில்லை. தனிமை ஒன்றும் ஓடிவிடவில்லை. சாயங்காலம் காற்று எழும்போது குடிசைக்குள் அவன் ஒருவன்தான். ஆனால் வெளியே யாராவது சுமையைக் கல்மேல் நகர்த்தி "அம்மாடி" என்றால், உள்ளே இருந்து அவன் குரல் கொடுப்பான்.

"என்ன, கூப்பிட்டியளா?"

"உம்மை யாருய்யா கூப்பிட்டா?" என்பார்கள் வழிப்போக்கர்கள்.

"என்னை இல்லதான்" என்று சிரிப்பான்.

தேரிக்காட்டுக் கல்லுக்கிட்ட ஒரு கிறுக்கன் இருக்கிறான், ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டார்கள்.

சொன்ன வாய் இதோ சுமையை இறக்கிவைத்துவிட்டது, கேட்ட காது ஏற்றிக்கொள்ளட்டும்.

நீங்கள் கொடுத்த கையை முழுசாக எடுத்துவிடுங்கள், உங்களுக்குக் கொடுத்த கையை மட்டும் மறக்காதிருங்கள்.